உப்புப் பார்த்தவன்

கடற்கரைத் தெரு,
திருகோணமலை.
11.08.1974

அன்புத் தங்கச்சி கமலாதேவிக்கு,

துறைமுகத்தடிச் சாப்பாட்டுக்கடை சரீப் எழுதிறன். இஞ்ச நானும் வீட்டுக்காரி ரபீக்காவும் அல்லாஹ்ட காவலில இருக்கிறம். நீங்களும் மகளும் சுகமோ எண்டு கேக்கிறதுதான் முறை. ஆனா இராசதுரை மவுத்தாகி இன்னும் ரெண்டு மாசம் முடியல்ல, அப்படிக் கேக்க எனக்கு வாய் வரல்ல. நேரத்துக்குச் சாப்பிடுங்கோ, மகளைத் தனிய விடாதேங்கோ. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாது.

முதலில ஒரு மன்னிப்பு. உங்கட புருசனை அவர் எண்டுதான் எழுதவேணும். எழுதியும் பார்த்தன். ஆரோ அரசாங்கக் கச்சேரியில வேலை செய்யிற பெரிய மனிசனைப் பற்றி எழுதிற மாதிரி இருந்திச்சு, கிழிச்சுப் போட்டிட்டன். மீசை அரும்பின வயசில ஒரே சட்டியை ஆளுக்கு ஒரு பக்கமாப் பிடிச்சுத் தேய்ச்ச ஆக்கள் நாங்கள். அதால அவன் எண்டே எழுதிறன், குறை நினைக்காதேங்கோ.

இப்ப விசயத்துக்கு வாறன். நீங்கள் இராசதுரையிட தமக்கை புஷ்பவதி அக்காவுக்கு எழுதின கடிதத்தை அவ எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டினவ. சடங்கெல்லாம் இங்கிலாந்திலயே செய்து முடிஞ்சுது, சாம்பலைக் கொண்டு வந்து கோணேசர் மலையடிக் கடலில கரைக்கப் போறன், கரைச்ச பிறகு அவரைத் தெரிஞ்ச ஆக்களுக்கு ஒரு நேரச் சாப்பாடு குடுக்கவேணும் எண்டு எழுதியிருந்தீங்களாம். நல்லது. அந்த மட்டில பேனையை வைச்சிருந்தா ஊர் அமைதியா இருந்திருக்கும். ஊரில ஆற்ற சமையல் அவருக்கு ஆகப் பிடிக்குமோ அவையைக் கொண்டு சமைப்பியுங்கோ எண்டு அடுத்த வரியில எழுதிப்போட்டீங்கள். தங்கச்சி, நீங்கள் திரியாயில பிறந்து வளர்ந்தனீங்கள், இந்த ஊராக்களை உங்களுக்குத் தெரியாதோ. அந்த ஒரு வரியால இஞ்ச நடந்த கூத்தைக் கேட்டிருந்தா அவன் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சிருப்பான்.

அடுத்த நாள் வெயில் ஏற முன்னம் இரத்தினசிங்கத்தார் வெளிக்கிட்டார். துறைமுக டொக்கியாட்டில பெரிய கிளாக்கராயிருந்து பென்சன் எடுத்தவர், உங்களுக்குத் தெரியும். நேரே புஷ்பவதி அக்காட வீட்டை போய், இராசதுரைக்கு என்ட மனிசியிட கத்தரிக்காய்க் குழம்பெண்டா உயிர், சமையலை நாங்கள் பார்க்கிறம், நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டாராம். வாற வழியில சந்தையடியில காணுற ஆக்களுக்கெல்லாம் அதே கதை. என்ட கடைக்கு முன்னால வந்து நிண்டு, குடையை மடக்கி, சரீப், உமக்குக் கரைச்சல் இல்லை, சமையலை நாங்கள் எடுத்திட்டம் எண்டு எனக்கு ஆறுதல் வேற சொல்லுறார். நான் ஆறுதல் கேட்டனானோ.

அந்த மனிசனிட ஹோலில, இராசதுரை சவுத்தாம்டனில தன்ட கடைக்கு முன்னால கோட்டும் தொப்பியுமா நிக்கிற படம் ஒண்டு கண்ணாடி போட்டுத் தொங்குது. பின்னால கதவுக்கு மேல திருகோணமலை எண்டு இங்கிலீசில பெரிசா எழுதியிருக்கு. அந்தப் படத்தை அவன் அவருக்குத்தான் அனுப்பினவன். எனக்கு அனுப்பல்ல. ஏனெண்டு நானும் கேக்கல்ல. அந்த வீட்டுக்குப் போக நேர்ந்தா, படம் கண்ணில படாத பக்கமாக் கதிரையை இழுத்துப் போட்டுத்தான் இருக்கிறனான்.

அவர் போக முனாப் வந்தான். பஸ் நிலையத்தடியில ரேடியோவும் மின்விசிறியும் வைச்சு ஹோட்டல் நடத்திற முனாப். இராசதுரை அறுபத்தொன்பதில ஊருக்கு வந்தபோது தன்ட ஹோட்டலில புரியாணி சாப்பிட்டுப்போட்டு ரெண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டவனாம், அதால அந்தச் சாப்பாடு தன்ட பொறுப்பாம். இவ்வளவுக்கும் முனாப் கரண்டி பிடிச்ச ஆளில்லை, காசுப் பெட்டிக்குப் பின்னால இருக்கிற ஆள். புரியாணியை ஆக்கினது அவன் கொழும்பில இருந்து கூட்டி வந்த ஒருத்தன், அவனும் இப்ப இல்லை.

எனக்கு வயித்தெரிச்சல், தங்கச்சி. மறைச்சு என்ன செய்ய. உங்களிட்ட மறைச்சாலும் ரபீக்கா நீங்கள் வாற நேரம் போட்டுக் குடுத்திடுவா. ரெண்டு நாளா நான் கடையில ஒருத்தரோடயும் முகம் குடுத்துக் கதைக்கல்ல, தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்து ஏச்சும் வாங்கினன்.

இவங்கள் ரெண்டு பேரும் இராசதுரையைக் கண்டது அவன் கோட்டுப் போட்ட பிறகு. நான் கண்டது அவன் கரிபிடிச்ச சாரத்தோட நிக்கிற நேரம். சுதந்திரம் கிடைச்ச வருசம் நாங்கள் ரெண்டு பேரும் நேவிக் கன்ரீன் குசினியில ஒரே கிழமையில வேலைக்குச் சேர்ந்தனாங்கள். முதல் வருசம் முழுக்கச் சட்டி கழுவினதும் வெங்காயம் உரிச்சதும்தான். பிறகு ஆளுக்கு ஒரு அடுப்புத் தந்தாங்கள். ஊர் ஆக்களுக்கு நான் சோறும், நீங்கள் மீன்குழம்பு எண்டு சொல்லுற மீனாணமும் ஆக்க, அவன் துரைமாருக்கு இறைச்சி வாட்டிறதும் மாவைக் கரைச்சு அவிக்கிறதும்.

நோன்பு மாசம் வந்தா எனக்குப் பெரிய கரைச்சல். பகலில சட்டி சட்டியா ஆக்கவேணும், ஆனா நாக்கில ஒரு சொட்டு வைச்சுப் பார்க்க ஏலாது. வைச்சுப் பார்த்திட்டுத் துப்பலாம் எண்டு சொல்லுற ஆக்கள் இருக்கினம், எனக்கு அதுக்கு மனம் வராது. அந்த மாசம் முழுக்க என்ட சட்டிக்கெல்லாம் உப்புப் பார்த்தவன் இராசதுரை. தன்ட அடுப்பை விட்டிட்டு வருவான். அகப்பையில கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில விட்டு நக்கிப்போட்டு, குறையை மட்டும் சொல்லுவான். உப்புக் கூட. புளி காணாது. மிளகாய் பச்சையா மணக்குது, இன்னும் எரியவிடு. ஒண்டும் சொல்லாமல் போனா சட்டி சரி எண்டு நான் விளங்கிக்கொள்ளவேணும். நல்லாயிருக்கு எண்ட சொல்லை அவன்ட வாயில நான் கேட்டதே இல்லை.

சரி, அது நோன்புக்குத் தேவைப்பட்ட வேலை. பெருநாள் முடிஞ்சு என்ட நாக்கு எனக்குத் திரும்பி வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை அவன் விடல்லையே. வருசம் முழுக்க வருவான், மூடியைத் திறப்பான், குறை சொல்லுவான். அகப்பையோட அவனைக் கலைச்சுக்கொண்டு கன்ரீனைச் சுத்தி ஓடியிருக்கிறன். ஓடிற ஓட்டத்திலயும் திரும்பிப் பார்த்து, கொறுக்காய்ப்புளி கூடிப்போச்சடா எண்டு சொல்லிக்கொண்டுதான் ஓடினவன்.

அம்பத்தேழில நேவிக்காரங்கள் துறைமுகத்தைக் குடுத்திட்டுப் போற நேரம், ஒரு துரை எங்களில ஒருத்தனைச் சமையலுக்கு இங்கிலாந்துக்குக் கூட்டிப் போறன் எண்டு நிண்டான். ரெண்டு பேரிட சாப்பாட்டையும் ருசி பார்த்தான். என்ட ஆணத்துக்கு வேர்த்து, இருமி, தண்ணி கேட்டான். இராசதுரையிட புடிங்கைத் திண்டுபோட்டுக் கையைக் குலுக்கினான். ஆணம் காய்ச்சத் தெரிஞ்சவனை விட்டிட்டு மாவை அவிக்கத் தெரிஞ்சவனைக் கொண்டுபோனான். நான் ஜெற்றியில நிண்டு கையைக் காட்டினனான். அண்டைக்கு எரிஞ்சது இண்டைக்கும் நூரல்ல, அதையும் சொல்லிவிடுறன்.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அறுபதில வந்து உங்களைக் கலியாணம் முடிச்சுக் கூட்டிப் போனவன், ரெண்டு பேருமாக் கடையைத் திறந்தீங்கள். வெள்ளைத் துணி விரிச்ச மேசையாம், மேசைக்கு மேசை பூவாம், சனிக்கிழமையில இடம் இல்லாமல் வெள்ளைக்காரர் வாசலில நிப்பினமாம். என்ட கடையில ஆக்கள் இருக்கிறதுக்கு நாலு வாங்கு, அதில ஒண்டுக்கு மூண்டு கால். இப்ப நாட்டில அரிசியும் இல்லை, மாவும் இல்லை. கிழமையில ரெண்டு நாள் கடையில சோறு விக்கக் கூடாது எண்டு சட்டம். அந்த நாளில நான் மரவள்ளிக்கிழங்கை அவிச்சு வைச்சுக்கொண்டு, வாற ஆக்களிட முகத்தைப் பார்க்க ஏலாமல் தேங்காய்ச் சம்பலைக் கிளறிக்கொண்டிருப்பன். அவன் அங்க சோறாக் குவிச்சு வித்தவன். அதுக்கும் எனக்கு எரிச்சல்தான்.

அந்தச் சோத்துக்கு மேல ஊத்தின கறிக்குத் தூள் எங்கயிருந்து வந்தது எண்டு இரத்தினசிங்கத்தாருக்குத் தெரியுமோ. ரபீக்கா வறுத்து இடிச்சு, டின்னில அடைச்சு, கப்பலில வேலை செய்யிற ஆக்களைப் பிடிச்சுக் குடுத்துவிட்ட தூள். அதுக்கு அவன் அனுப்பின கடிதத்தில ஒரு நல்ல சொல்லு இருக்கோ எண்டா, இல்லை. மல்லியைக் கருக்கிப்போட்டீங்கள் எண்டு ஒரு கடிதம். பெருஞ்சீரகம் கூடிப்போச்சு எண்டு இன்னொண்டு. ரபீக்கா, இனி என்ட உலக்கையை அந்த மனிசனுக்காகத் தூக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுவா. பிறகு மல்லியைக் குறைச்சு வறுத்து அடுத்த டின்னை அவவே கட்டுவா.

அறுபத்தொன்பதில அவன் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும், மகளுக்கு அம்மை போட்டிருந்ததால நீங்கள் வரல்ல. ஊர் அவனைத் தலையில வைச்சுக் கூத்தாடினது. ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில விருந்து. போன வீட்டிலயெல்லாம் சாப்பாட்டைப் புகழ்ந்து தள்ளினவன் எண்டு ஊர் முழுக்கக் கதை. இரத்தினசிங்கத்தாரிட மனிசி அந்த மாசம் நிலத்தில கால் வைச்சு நடக்கல்ல.

என்ட வீட்டில விருந்து வைக்க அவன் விடல்ல. கடைக் குசினிக்குத்தான் வருவான். விடியக் காலமை மீன் வாங்கி வாற நேரத்துக்கு வந்து, மீன் பெட்டியைக் கவிட்டுப்போட்டு அதுக்கு மேல இருந்துகொண்டு, நான் ஆக்கிறதைப் பார்த்துக்கொண்டிருப்பான். இறக்கி வைக்க விடான், மூடியைத் திறந்திடுவான். பாரைக்கு இவ்வளவு தேங்காய்ப்பால் ஏன். அறக்குளா மீனை இப்படிப் பெரிசா வெட்டினா உப்பு எப்படி உள்ளுக்குப் போகும். இங்கிலாந்தில கடை வைச்ச திமிர் எண்டு நினைச்சன். ஒருநாள் பொறுக்க ஏலாமல், ஊரெல்லாம் போய் வாய் நிறையப் புகழுறாய், என்ட சட்டியில மட்டும் உனக்கு என்னடா குறை எண்டு கேட்டிட்டன். அவன் சிரிச்சுக்கொண்டு அடுப்புக்குள்ள ஒரு விறகைத் தள்ளிப்போட்டு, அடுப்பைப் பார், எரியல்ல எண்டான். மறுமொழி அவ்வளவுதான். போற நாள் மட்டும் அப்படித்தான், விடிஞ்சா அந்தப் பெட்டிக்கு மேல அவன் இருப்பான்.

இப்படி இருக்க, போன ஞாயிற்றுக்கிழமை புஷ்பவதி அக்கா எல்லாரையும் தன்ட வீட்டை கூப்பிட்டவ. ஆளாளுக்குக் கதைச்சுக்கொண்டு திரியாமல் முகத்துக்கு முகம் கதைச்சு முடியுங்கோ எண்டு சொல்லி அனுப்பினவ. போகமாட்டன் எண்டுதான் இருந்தனான். ரபீக்காதான், போகாட்டி இரவிரவா நீங்கள் புறுபுறுக்கிறதை ஆர் கேக்கிறது எண்டு சட்டையை எடுத்துக் கையில தந்தா.

இரத்தினசிங்கத்தார் மனிசியோட வந்து நடுக் கதிரையில இருந்தார். முனாப் பக்கத்தில. நான் வாசல் கதவோட நிண்டன், இருக்கச் சொன்னவை, நான் இருக்கல்ல. இரத்தினசிங்கத்தார் தொண்டையைச் செருமி, கூட்டத்தில பேசுற மாதிரித் தொடங்கினார். அறுபத்தொன்பதில தன்ட வீட்டில சாப்பிட்டுக் கை கழுவின கையோட இராசதுரை தன்ட மனிசியைப் பார்த்து ஒரு சொல்லுச் சொன்னவனாம், அதை அவை சாகுமட்டும் மறக்கமாட்டினமாம். என்ன சொன்னவன் எண்டு புஷ்பவதி அக்கா கேட்டா. இந்தக் கைப்பக்குவத்துக்காகவே கப்பல் ஏறி வரலாம் எண்டு சொன்னவனாம். மனிசி சேலைத் தலைப்பால கண்ணைத் துடைச்சா.

எனக்கு நெஞ்சு பத்தி எரிஞ்சது. அப்படி ஒரு சொல்லை என்னட்டச் சொல்லியிருந்தா நான் அதைப் பலகையில எழுதிக் கடைக்கு முன்னால கொழுவியிருப்பன். நான் எரிஞ்சுகொண்டு நிக்க, முனாப் கதிரையில நெளியத் தொடங்கினான். என்னடா எண்டு கேட்டா, புரியாணி சாப்பிட்ட அண்டைக்குத் தன்னட்டயும் அதே சொல்லுத்தான் சொன்னவன் எண்டான். கப்பல் ஏறி வரலாம் எண்டோ எண்டு கேட்டன். ஓம், கப்பல் ஏறி வரலாம் எண்டுதான் எண்டான். இரத்தினசிங்கத்தாரிட மனிசி தலைப்பைக் கண்ணில இருந்து எடுத்திட்டா.

புஷ்பவதி அக்காவுக்குச் சிரிப்பு வந்திட்டுது. தம்பி தன்ட கையால இடியப்பம் சாப்பிட்ட அண்டைக்கும் அதேதான் சொன்னவன், பக்கத்து வீட்டில பாயாசம் குடிச்ச அண்டைக்கும் அதேதான் சொன்னவன், அந்தக் கிழவிக்கு இண்டைக்கும் அந்தப் பெருமை குறையல்ல எண்டு சொன்னா. கடை வைச்சு நாலு சனத்தைச் சிரிச்ச முகத்தோட அனுப்பிப் பழகின ஆள், வாசலில நிண்டு சொல்லுற சொல்லை ஊருக்கும் கொண்டு வந்திட்டான். இரத்தினசிங்கத்தார் முகட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பொய் சொல்லக் கூடாது, அந்த முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு சட்டிப் பால் குடிச்ச மாதிரி இருந்திச்சு.

பிறகு அக்கா என்ட பக்கம் திரும்பி, உங்களுக்கு என்ன சொன்னவன் எண்டு கேட்டா. எல்லாரும் என்னைப் பார்க்கினம். என்னட்ட என்ன இருக்கு சொல்ல. எனக்கு ஒருநாளும் ஒரு நல்ல சொல்லுச் சொல்லல்ல அக்கா, உப்புக் கூட எண்டான், புளி குறைவு எண்டான், ரபீக்காட தூளையும் விட்டு வைக்கல்ல, கடைசியா வந்த கடிதத்திலயும் மல்லி கருகினதைத்தான் எழுதியிருந்தவன் எண்டு சொன்னன். அவ்வளவு சனத்துக்கு முன்னால, இந்த வயசில, எனக்கு அவமானமாயிருந்திச்சு. இரத்தினசிங்கத்தார் சமைக்கட்டும், நான் வாறன் எண்டு திரும்பி வாசல்படியில காலை வைச்சிட்டன்.

புஷ்பவதி அக்கா எழும்பி வந்து என்ட கையைப் பிடிச்சா. “பொய் சொல்லத் தேவையில்லாத ஒரு வீடு என்ட தம்பிக்கு இருந்திருக்கு. நீங்கள் சமையுங்கோ” எண்டா.

இரத்தினசிங்கத்தார் விடல்ல. சாம்பலைக் கரைச்சுப்போட்டு வந்து சாப்பிடுற சாப்பாடு, அதை வேற சமயத்து ஆக்கள் ஆக்கிறதோ எண்டு இழுத்தார். அக்கா அவரைத் திரும்பியும் பார்க்கல்ல. சடங்கை ஐயர் செய்வார், சாப்பாட்டைச் சரீப் ஆக்குவார், நீங்கள் வந்து சாப்பிடுங்கோ எண்டு முடிச்சிட்டா. கத்தரிக்காய்க் குழம்பும் ஒரு சட்டி வைக்கலாம் எண்டு நான் பெருந்தன்மையாச் சொன்னன். சொல்லுற நேரம் நல்ல சந்தோசமாயும் இருந்திச்சு.

வீட்டை வந்து ரபீக்காட்டச் சொன்னன். அவ விழுந்து விழுந்து சிரிச்சா. இத்தனை காலமும் குறை சொல்லுறான் குறை சொல்லுறான் எண்டு என்ட காதைத் திண்டீங்கள், இப்ப அந்தக் குறையை மாலை மாதிரிப் போட்டுக்கொண்டு தெருவால வாறீங்களே எண்டா. சிரிச்சு முடிச்சிட்டுக் குசினிக்குள்ள போனவ, கனநேரம் வெளியில வரல்ல. அவவுக்கும் அவன் ஒரு ஆள்தானே.

இனி நடக்கவேண்டிய காரியங்கள். அரிசிக்கு யோசிக்காதேங்கோ. தோப்பூரில ரபீக்காட கூடப்பிறந்த காக்காமாருக்கு வயல் இருக்கு. ஒரேயடியாக் கொண்டு வந்தா வழியில மறிச்சுச் சோதிச்சுப் பறிச்சிடுவாங்கள், அதால மூதூரில இருந்து கடலால லாஞ்சியில வாற ஆக்களிட்டக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துவிடச் சொல்லியிருக்கிறன். மீனுக்குக் கிண்ணியாவில சொல்லி வைச்சாச்சு. செத்தல் மிளகாய் விக்கிற விலைக்கு அதை நகைக்கடையிலதான் வாங்கவேணும், அதுவும் எப்படியாவது வரும். நீங்கள் அங்கயிருந்து ஒண்டும் காவிக்கொண்டு வரவேண்டாம். கடையை அவசரப்பட்டு ஆருக்கும் குடுத்திடவும் வேண்டாம். அவன் பழக்கின ஆக்கள் ரெண்டு பேர் இருக்கினம் எண்டு எழுதியிருந்தவன், அவையை நம்பி நடத்தலாம். வந்த பிறகு ஆறுதலாக் கதைப்பம்.

ஒரு கரைச்சல் இருக்கு. நீங்கள் டிக்கட் எடுத்திருக்கிற திகதியைப் பார்த்தா அந்த நாள் எங்களுக்கு நோன்பு. மத்தியானச் சாப்பாடு உங்கட ஆக்களுக்கு, எங்கட ஆக்களுக்கு நோன்பு திறந்த பிறகு சாப்பிட ஒரு சட்டியைத் தனிய எடுத்து வைப்பன், அது பெரிய காரியம் இல்லை. என்னால ருசி பார்க்க ஏலாது, அதுதான் பெரிய காரியம். இரத்தினசிங்கத்தாருக்கு இது எப்படியோ காதில விழுந்திட்டுது. நான் வந்து உப்புப் பார்க்கிறன் சரீப் எண்டு நேற்று ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார். அந்த மனிசன் என்ட சட்டிக்குக் கிட்ட வந்தா நான் நோன்பையும் மறந்து ஏதாவது சொல்லிப்போடுவன். இராசதுரை நிண்ட இடத்தில அவரைக் கொண்டு வந்து நிப்பாட்ட எனக்கு ஏலாது.

அதால நீங்கள் வாங்கோ, தங்கச்சி. கடலில இருந்து வந்த கையோட குசினிக்கு வந்து, உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டுப் பாருங்கோ. துக்க வீட்டுக்காரி குசினிக்குள்ள நிக்கிறதோ எண்டு ஆரும் சொன்னா என்ட பேரைச் சொல்லுங்கோ. எனக்கு முகத்துக்காக ஒண்டும் சொல்லவேண்டாம், உப்புக் கூடவெண்டாக் கூட எண்டு சொல்லுங்கோ.

இன்னும் ஒண்டு கேக்கவேணும். நாலு நாளாக் கேக்கிறதோ விடுறதோ எண்டு இருந்தனான். பதினாலு வருசம் அவன் உங்கட கையால சாப்பிட்டவன். கடையில எவ்வளவு ஆக்கினாலும் இரவில வீட்டை வந்து நீங்கள் போட்டுத் தாறதைத்தான் சாப்பிடுறது எண்டு ஒருக்கா எழுதியிருந்தவன். வாசிக்கிற நேரம் எனக்குப் பொறாமையாத்தான் இருந்திச்சு. உங்கட சாப்பாட்டுக்கு அவன் என்ன சொன்னவன், தங்கச்சி? கப்பல் ஏறி வாற கதையைச் சொன்னவனோ, இல்லாட்டி மூடியைத் திறந்து குறை சொன்னவனோ?

புகழ்ந்தவன் எண்டா இந்தக் கடிதம் கண்ட உடன எழுதுங்கோ, நான் சந்தோசமா வாசிப்பன். குறை சொன்னவன் எண்டா எனக்கு எழுதாதேங்கோ. இஞ்ச வந்தும் வாய் திறந்திடாதேங்கோ. ஒருநாளும் குறை சொல்லாத மனிசன் எண்டு பொய்யாவது சொல்லுங்கோ, நான் நம்புவன்.

அல்லாஹ் உங்களையும் மகளையும் ஒரு குறையும் இல்லாமல் ஊர் கொண்டு வந்து சேர்க்கட்டும். உங்களுக்கு அவன் இருந்த வீடு இருக்கு, அவன்ட கடை இருக்கு, அவன்ட முகத்தோட ஒரு பிள்ளை இருக்கு. எனக்கு அவன் சொன்ன குறை மட்டும்தான் இருக்கு. அதையாவது எனக்கெண்டு விட்டுத்தாங்கோ.

உங்கட வரவைப் பார்த்துக்கொண்டிருக்கிற,
சரீப்